எண்பதாயிரத்துக்கு எந்தக் கைப்பேசி?
வாசகர் கேள்வி – பதில்

இரண்டு இதழ்களுக்கு முன், விலை உயர்ந்த கைப்பேசி வாங்குவது பற்றி இப்பகுதியில் நான் எழுதிய நான்கு வரிப் பதில், எதிர்பாராத அளவுக்குக் கடிதங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அவற்றுள் முக்கால்வாசி, ஆப்பிளின் ஐபோன் 16, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்25 ஆகிய இரண்டுக்கும் இடையே முடிவெடுக்க முடியாமல் நிற்பவர்கள் எழுதியவை. ஆகவே இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: ஐயா, முதல்முறையாக இவ்வளவு பணம் கொடுத்துக் கைப்பேசி வாங்கப் போகிறேன். ஐபோன் 16, கேலக்ஸி எஸ்25 இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. எண்களை வைத்து ஒப்பிட்டால் எல்லாவற்றிலும் சாம்சங்தான் மேலாகத் தெரிகிறது. பிறகு ஏன் இத்தனை பேர் ஐபோன் வாங்குகிறார்கள்?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: வங்கியில் பணிபுரியும் நீங்களே விலைக் கணக்கில் சற்று ஏமாந்துவிட்டீர்கள். 2024 செப்டம்பரில் வந்த ஐபோன் 16இன் அறிமுக விலை 79,900 ரூபாய்; ஆனால் அது 128 ஜிபி சேமிப்பிடம் உள்ள வகைக்கு. 2025 ஜனவரியில் வந்த எஸ்25இன் 80,999 ரூபாய் 256 ஜிபி வகைக்கு. அதே 256 ஜிபி ஐபோனில் வேண்டுமானால் அறிமுகத்தின்போது 89,900 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. சமமான பொருளைச் சமமான பொருளோடு வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாய் இடைவெளி இருந்தது. இரண்டிலுமே மெமரி கார்டு போட இடமில்லை என்பதால், வாங்கும் அன்று எடுக்கும் சேமிப்பிடம்தான் கடைசிவரைக்கும். பிள்ளைகளின் காணொளிகளையும் குடும்பக் குழுக்களில் வந்து குவியும் காலை வணக்கங்களையும் கணக்கில் கொண்டால், ஐந்து ஆண்டுகளுக்கு 128 ஜிபி போதாது என்பதே என் கருத்து.

மற்ற எண்களுக்கு வருவோம். செயலிகள் ஓடுவதற்கான தற்காலிக நினைவகமான ரேம் ஐபோனில் 8 ஜிபி, சாம்சங்கில் 12 ஜிபி. இந்த எண்ணை மட்டும் நீங்கள் மறந்துவிடலாம். பின்னணியில் கிடக்கும் செயலிகளை ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் நடத்தும் விதமும் சாம்சங்கில் ஓடும் ஆண்ட்ராய்டு நடத்தும் விதமும் வேறு வேறு. இரண்டின் ரேமையும் ஒப்பிடுவது, விறகு அடுப்புக்குக் கிலோவிலும் மண்ணெண்ணெய் அடுப்புக்கு லிட்டரிலும் செலவைச் சொல்லி எது அதிகம் என்று கேட்பதைப் போன்றது. கைப்பேசியின் மூளையான சில்லு விஷயத்திலும் அப்படித்தான். ஐபோனின் ஏ18, சாம்சங்கின் ஸ்னாப்டிராகன் 8 எலைட் இரண்டுமே தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் 3 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்படுபவை. வங்கிச் செயலியையும் வரைபடத்தையும் திறப்பவருக்கு இவற்றின் வேக வேறுபாடு கண்ணில் படவே போவதில்லை. ஆனால் திரையின் புதுப்பிப்பு வேகமும் (அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறேன்), தொலைவை அருகே இழுக்கும் தனி லென்ஸும், முன்பு சொன்ன சேமிப்பிடமும் அன்றாடம் கைக்குத் தெரியும் வேறுபாடுகள். இந்த மூன்றிலும் சாம்சங் முந்துகிறது என்று நீங்கள் கண்டுகொண்டது சரிதான்.

அப்படியிருந்தும் ஐபோன் விற்கிறதென்றால், அதற்கு அட்டவணையில் ஏறாத காரணங்கள் இருக்கின்றன. மூன்று ஆண்டு கழித்து விற்கும்போது ஐபோனுக்குக் கிடைக்கும் விலை பொதுவாக அதிகம். ஆப்பிளின் மடிக்கணினியோ கைக்கடிகாரமோ ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு, ஒன்றில் நகலெடுத்ததை இன்னொன்றில் ஒட்டும் அளவுக்கு அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வது பெரிய வசதி. கடித்த ஆப்பிள் சின்னம் மேசைமேல் கிடக்கும்போது எதிரே இருப்பவர் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார் என்பதும் ஒரு காரணம். அதை மறைத்துப் பேசுவானேன்! உங்கள் வீட்டில் வேறு ஆப்பிள் கருவி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எஸ்25 வாங்குங்கள்.

கேள்வி: ஐபோன் 16இன் திரை 60 ஹெர்ட்ஸ்தான், அது பழைய காலத்துச் சரக்கு என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: திரையில் தெரியும் படம் விநாடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பதுதான் இந்த எண். ஐபோன் 16இல் 60 முறை. எஸ்25இல் 120 முறை வரை. திரைப்படமோ நிழற்படமோ பார்க்கையில் வேறுபாடு தெரியாது. நீண்ட கட்டுரையை விரலால் வேகமாகத் தள்ளிக்கொண்டே எழுத்துகளைப் படிக்க முயன்றால் தெரியும். 60 ஹெர்ட்ஸ் திரையை மட்டுமே பயன்படுத்தி வந்தவர்களுக்கு அது குறையாகவே படாது. 120இல் ஆறு மாதம் பழகியவர்கள் திரும்ப 60க்கு வந்தால், முதல் சில நாள்கள் திரை தயங்கித் தயங்கி நகர்வதுபோலத் தோன்றும். இப்போது நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பதினைந்தாயிரம் ரூபாய்க் கைப்பேசிகளிலேயே 120 ஹெர்ட்ஸ் திரை வந்துவிட்ட காலத்தில் எண்பதாயிரம் ரூபாய்க் கருவியில் அதைத் தராமல் வைத்துக்கொண்டது ஆப்பிளின் கஞ்சத்தனம் என்பதில் எனக்கும் கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கேள்வி: அடுத்த மாதம் என் மகளுக்கு பரதநாட்டிய அரங்கேற்றம். மேடைக்கு அருகில் ஒளிப்பதிவாளர்கள் இருப்பார்கள் என்றாலும், நானே பத்தாவது வரிசையில் என் இருக்கையிலிருந்து படம் எடுத்து வைத்துக்கொள்ள ஆசை. இந்த இரண்டில் எது நன்றாக எடுக்கும்?
– இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இரண்டு கைப்பேசிகளின் கேமராக்களையும் ஒப்பிடுவதற்கு நாட்டிய மேடையைவிடக் கடுமையான தேர்வு வேறில்லை என்று தோன்றியது. இருண்ட அரங்கம், ஓரிடத்தில் மட்டும் கொட்டும் வண்ண விளக்கு, ஓயாமல் அசையும் கைகால்கள், பட்டின் சரிகையில் தெறிக்கும் ஒளி, படம் எடுப்பவரோ பத்தாவது வரிசையில்!

தொலைவை முதலில் எடுத்துக்கொள்வோம். எஸ்25இன் பின்புறம் மூன்று கேமராக்கள் உள்ளன: 50 மெகாபிக்சல் முதன்மைக் கேமரா, அகலக்காட்சிக்கு 12 மெகாபிக்சல், மூன்று மடங்கு நெருக்கிக் காட்டும் 10 மெகாபிக்சல் தொலைநோக்கு லென்ஸ். ஐபோன் 16இல் இந்த மூன்றாவது இல்லை. அதன் 48 மெகாபிக்சல் முதன்மைக் கேமராவின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து இரண்டு மடங்கு நெருக்கத்தைத் தருகிறார்கள். அது நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு மேல் நெருக்கினால் முகம் கரைய ஆரம்பித்துவிடும். பத்தாவது வரிசையிலிருந்து மகளின் முகபாவத்தை நிழற்படமாக எடுக்க வேண்டுமென்றால் சாம்சங்குக்கே வாய்ப்பு அதிகம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெளிச்சம் போதாத இடத்தில், நீங்கள் மூன்று மடங்கு என்று அழுத்தினாலும், கைப்பேசி தொலைநோக்கு லென்ஸை விட்டுவிட்டு முதன்மைக் கேமராவின் படத்தையே பெரிதாக்கிக் கொடுத்துவிடலாம். சந்தேகமிருந்தால் அந்த லென்ஸை விரலால் மறைத்துப் பாருங்கள். திரையில் காட்சி மறையவில்லையென்றால் அது வேலை செய்யவில்லை என்று பொருள்.

அசைவுக்கு வந்தால் கதை மாறுகிறது. நான் பார்த்தவரையில், மங்கிய ஒளியில் வேகமாக நகரும் ஒன்றை எடுக்கும்போது சாம்சங் படங்களில் விரல்கள் கலங்கிவிடுவது ஐபோனைவிடச் சற்று அதிகம். முழங்கால் மடித்து அரைமண்டியில் நின்று முத்திரை காட்டும் கணத்தில் சாம்சங் அழகாகப் பிடித்துவிடும்; வேகமான அடவுக் கோவையான தீர்மானத்தில் கை சுழலும் கணத்தில் ஐபோனை நம்பலாம். காணொளி எடுப்பதாக இருந்தால் நான் தயக்கமின்றி ஐபோனைச் சொல்வேன். மேடை விளக்கு சிவப்பிலிருந்து நீலத்துக்குத் தாவும்போதும் தோலின் நிறத்தை அது ஓரளவு நிலையாக வைத்திருக்கிறது. அதில் பேச்சுக் குரலைச் சுற்றுப்புற ஒலியிலிருந்து பிரித்துக் கூட்டவோ குறைக்கவோ உதவும் வசதியும் உண்டு; ஆனால் அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. நட்டுவாங்கத்தையும் மிருதங்கத்தையும் பதியும்போது அதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

நீங்கள் காணொளியா நிழற்படமா என்று எழுதவில்லை. ‘படம் எடுத்து வைத்துக்கொள்ள’ என்று எழுதியிருப்பதால் நிழற்படம் என்றே கொள்கிறேன், எனில் எஸ்25. ஒத்திகை நாளன்று அதே இருக்கையிலிருந்து அதே விளக்கில் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். நிகழ்ச்சியன்று நடன வரிசை முழுவதையும் கைப்பேசித் திரை வழியாகப் பார்க்க வேண்டாம் என்பது, கேட்காமலே சொல்லும் யோசனை.

கேள்வி: பழங்காசுகள் சேகரிக்கிறேன். ராஜராஜன் காசுகளை மிக நெருக்கத்தில் படம் எடுக்க எது உதவும்?
– நாணயச் சேகரிப்பாளர், மதுரை

பதில்: ஐபோன் 16. அதன் அகலக்காட்சிக் கேமராவுக்குத் தானியங்கிக் குவியம் உண்டு; பொருளிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். எஸ்25இன் அகலக்காட்சிக் கேமராவுக்கு அந்த வசதி இல்லை. மூன்று லென்ஸ் இருக்கிறதே என்று கடைக்காரர் சொன்னால், ஒரு ரூபாய் நாணயத்தை அவர் மேசைமேல் வைத்து அங்கேயே எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: மருந்து விற்பனைப் பிரதிநிதியாக நாள் முழுவதும் பைக்கில் சுற்றுகிறேன். கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டி வழி பார்ப்பது வழக்கம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதன் பேட்டரி நிற்கும்? ஐபோன் 16இன் பேட்டரி 3,561 மில்லி ஆம்பியர் மணி என்கிறார்கள், எஸ்25 4,000. என் இப்போதைய இருபதாயிரம் ரூபாய்க் கைப்பேசியிலேயே 5,000 இருக்கிறது!
– வேலூர்

பதில்: உங்கள் வேலைக்கு இரண்டுமே பொருத்தமில்லை என்று சொல்லத்தான் முதலில் தோன்றியது. காரணங்களைச் சொல்கிறேன், முடிவை நீங்களே எடுங்கள்.

இவை இரண்டும் சிறிய கைப்பேசிகள். ஐபோனின் எடை 170 கிராம், எஸ்25 162 கிராம். சட்டைப்பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அந்தச் சுகத்துக்குக் கொடுக்கும் விலைதான் சிறிய பேட்டரி. சில்லும் மென்பொருளும் சிக்கனமானவை என்பதால் வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவருக்கு ஒரு நாள் தாங்கும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, ஜிபிஎஸ்ஸையும் இணையத்தையும் எட்டு மணி நேரம் ஓடவிடும் உங்களுக்கு, பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டுமே கையை விரித்துவிடும். சார்ஜ் ஏறும் வேகமும் பெரிதாக இல்லை. சாம்சங் 25 வாட் என்கிறது. ஐபோன், 20 வாட்டுக்குக் குறையாத சார்ஜர் இருந்தால் அரை மணி நேரத்தில் பாதி ஏறும் என்கிறது. அந்தச் சார்ஜரும் இரண்டு பெட்டியிலும் கிடையாது, கேபிள் மட்டும்தான்.

அடுத்தது வெயில். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்று ஆப்பிளே தன் விவரக் குறிப்பில் எழுதியிருக்கிறது. சித்திரை, வைகாசியில் வேலூரில் 35 டிகிரி என்பது காலை பத்து மணிக்கே கடந்துபோகும் எண். சூடு ஏறினால் ஐபோனாகட்டும் சாம்சங்காகட்டும், முதலில் திரையை மங்கலாக்கும், பிறகு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும், அதன்பின் சற்று ஓய்வு கொடு என்று கெஞ்சும். இது பழுதில்லை, தற்காப்பு. ஆனால் வெப்பம் பேட்டரியின் ஆயுளை நிரந்தரமாகக் குறைக்கும்; வெயிலில் மாட்டியபடியே சார்ஜும் ஏற்றினால் அந்தக் குறைவு விரைவாகும்.

மூன்றாவதாக, பலருக்குத் தெரியாத ஒன்று. இரண்டின் முதன்மைக் கேமராவிலும் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் மிக நுண்ணிய அசையும் பாகங்கள் உள்ளன. அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தொடர்ந்து பாய்ந்தால் அவை கெடக்கூடும் என்று ஆப்பிள் 2021இலேயே எச்சரித்து, அத்தகைய வண்டிகளில் மாட்ட வேண்டாம் என்றும், ஸ்கூட்டர் போன்ற சிறிய எஞ்சின் வண்டிகளில் மாட்டினால் அதிர்வைத் தணிக்கும் தாங்கியைப் பயன்படுத்துங்கள் என்றும் சொன்னது. சாம்சங்கின் கேமராவும் இதே வகை நுட்பத்தில் ஓடுவதுதான்.

ஆகவே வழி பார்க்க உங்கள் பழைய கைப்பேசியையே ஹேண்டில்பாரில் விட்டுவைத்து, புதியதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. எது வாங்கினாலும், சார்ஜ் 80 விழுக்காட்டோடு நிற்கும்படி அமைப்பில் மாற்றி வைக்கும் வசதி இரண்டிலும் இருக்கிறது. வீட்டில் இருக்கும் நாள்களிலாவது அதைப் பயன்படுத்துங்கள். ஐபோன் 15 முதல் வந்தவற்றில், உகந்த சூழலில் 1,000 முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்கிய பின்னும் பேட்டரி 80 விழுக்காடு திறனோடு இருக்கும் என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. தினம் ஒருமுறை என்றால் அது மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும். வேலூர் வெயிலை யாரும் உகந்த சூழல் என்று சொல்லமாட்டார்கள். ஆக, எந்தக் கைப்பேசியானாலும் அதன் வாழ்நாளில் ஒருமுறையாவது பேட்டரி மாற்ற நேரும். ஐபோன் 16இல் அதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: பேட்டரியைப் பிடித்திருக்கும் பசை, அதன் வழியே ஒன்பது வோல்ட் மின்சாரத்தைச் சிறிது நேரம் செலுத்தினால் தானே விட்டுவிடும். இது பழுதுபார்ப்பவருக்கான வசதி, நமக்கானதில்லை என்றாலும், நெம்பி எடுக்கும்போது பேட்டரி மடங்கும் ஆபத்து குறைகிறது.

கேள்வி: தமிழில்தான் எழுதுகிறேன், தமிழில்தான் பேசுகிறேன். எதில் தமிழ் நன்றாக இருக்கும்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ, மலேசியா

பதில்: உங்கள் நாட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தமே. ஐபோனில் நிறுவனமே தரும் தமிழ் விசைமுகங்கள் (விசைப்பலகையில் எழுத்துகளை அமைக்கும் முறைகள்) இரண்டு: ஒன்று, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99; மற்றொன்று, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய அஞ்சல். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் முறையும் ஐஓஎஸ் 18இல் சேர்ந்திருக்கிறது. சாம்சங்கின் சொந்த விசைப்பலகையிலும் தமிழ் உண்டு. கூகுளின் விசைப்பலகையில் எழுதுவதோடு பேசித் தட்டச்சிடும் வசதியும் கச்சிதமாக இருக்கிறது. தமிழ்99இல் கை பழகியவருக்கு ஐபோன் உடனே வீடுபோல இருக்கும். பேசி எழுதுபவருக்கு ஆண்ட்ராய்டுதான் வசதி. எது உங்களுக்கு ஒத்துவரும் என்பதற்குக் கடையில் பத்து நிமிடம் போதும்: ‘அவ்வழியே’, ‘ஞாயிற்றுக்கிழமை’, ‘கற்றுக்கொள்’ என்று எழுதியும் சொல்லியும் பாருங்கள்; வல்லினம் மிகும் இடத்தில் எது உங்களைத் திருத்தாமல் சும்மா இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எதில் சிறந்தது?
– சேலம்

பதில்: தமிழ் வாசகருக்கு இப்போதைக்கு இது வெற்றுக் கேள்வி. ஆப்பிள் இன்டெலிஜென்ஸுக்குத் தமிழ் தெரியாது. சாம்சங்கின் கேலக்ஸி ஏஐ கற்றுக்கொண்ட மொழிகளில் இந்தி இருக்கிறது, தமிழ் இல்லை. தமிழில் பேசினால் பதில் சொல்வது கூகுளின் ஜெமினி. அது எஸ்25இல் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் வருகிறது, ஐபோனில் தனிச் செயலியாகப் போட்டுக்கொள்ள வேண்டும், வேறுபாடு அவ்வளவே. கேலக்ஸி ஏஐ வசதிகள் 2025 இறுதி வரை இலவசம் என்றுதான் எஸ்25 வந்தபோது சாம்சங் சொல்லியிருந்தது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். விளம்பரத்தில் பாதி இடத்தை இந்த வசதிகள்தாம் அடைத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் முடிவில் அவற்றுக்கு அவ்வளவு இடம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஐபோனை நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே செய்கிறார்கள். பிறகு ஏன் நமக்கு மட்டும் அமெரிக்காவைவிட விலை அதிகம்? சாம்சங்கும் அங்கேதானே தொழிற்சாலை வைத்திருக்கிறது?
– காஞ்சிபுரம்

பதில்: இரண்டாவதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள சாம்சங் ஆலையில் செய்வது குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம் போன்றவை. சாம்சங் கைப்பேசிகள் உத்தரப்பிரதேசத்தின் நொய்டாவில் தயாராகின்றன. ஐபோன்களை உங்கள் பக்கத்தில் பூட்டிச் சேர்ப்பது ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் சுங்குவார்சத்திரம் ஆலை.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் ஐபோன் 16இன் அறிமுக விலை 799 டாலர். அங்கே அறிவிக்கப்படும் விலையில் மாநில விற்பனை வரி சேராது. இங்கே எழுதப்படும் விலையில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தே இருக்கும். அறிமுகமான நேரத்தில் டாலர் ஏறத்தாழ 84 ரூபாய். 799 டாலர் என்றால் 67,100 ரூபாய். நம் 79,900 ரூபாயிலிருந்து வரியைக் கழித்தால் நிற்பது 67,700. ஆக, இந்த மாதிரியைப் பொறுத்தவரை ஆப்பிள் நம்மிடம் அதிகம் வாங்குகிறது என்ற புகார் நிற்காது. வித்தியாசம் பெரும்பாலும் வரிதான். இங்கே செய்தும் ஏன் குறையவில்லை என்றால், இங்கே நடப்பதில் பெரும்பகுதி பூட்டும் வேலை. சில்லு தைவானிலிருந்து வருகிறது. திரையைத் தருபவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? சாம்சங் டிஸ்பிளே. வடிவத்தைத் திருடினாய் என்று 2011இல் ஆப்பிள் தொடுத்த வழக்கு 2018இல் சமரசமாகும்வரை இரண்டு நிறுவனங்களும் அமெரிக்க நீதிமன்றத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்திலும் வணிகம் தடைபடவில்லை. அவற்றின் ரசிகர்கள்தாம் இன்னும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: பனியன் வணிகம் செய்கிறேன். இரண்டு எண்கள், இரண்டு வாட்ஸ்அப். வாய்மொழி ஆர்டர்களைப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும்.
– திருப்பூர்

பதில்: யோசிக்கவே வேண்டாம், எஸ்25. அதில் இரண்டு சிம் அட்டைகளை நேரடியாகப் போடலாம். இங்கே விற்கும் ஐபோன் 16இல் ஒரு சிம் அட்டைக்குத்தான் இடம், இரண்டாவது எண்ணை, அட்டை இல்லாமல் கைப்பேசிக்குள்ளேயே பதியும் இ-சிம்மாக மாற்ற வேண்டும். இரண்டு வாட்ஸ்அப் கணக்குகளை சாம்சங்கில் இயல்பாக வைத்துக்கொள்ளலாம். ஐபோன் 16 வந்த காலத்தில் அதில் இரண்டாவது எண்ணுக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நாட வேண்டியிருந்தது. அழைப்பைப் பதிவு செய்யும் வசதி ஐபோனிலும் ஐஓஎஸ் 18.1 முதல் உண்டு, ஆனால் பதிவாகிறது என்று இருபக்கமும் உரக்க அறிவித்துவிடும். சாம்சங் அறிவிப்பதில்லை என்பதற்காக எதிரில் இருப்பவரிடம் சொல்லாமல் பதிவு செய்வது முறையாகாது. ‘ஆர்டரைப் பதிவு செய்துகொள்கிறேன் அண்ணாச்சி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு என்று சாம்சங் சொல்வதை நம்பலாமா?
– மென்பொருள் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், கோவை

பதில்: எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்: எஸ்25க்கு ஏழு தலைமுறை ஆண்ட்ராய்டு மேம்பாடுகளும் ஏழு ஆண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளும், அதாவது 2032 வரை. ஆனால் இந்த வாக்குறுதியே 2024இல் வந்த எஸ்24 வரிசையோடுதான் தொடங்கியது. அதை முழுதாக நிறைவேற்றிக் காட்டிய கைப்பேசி இன்னும் உலகில் இல்லை. ஆப்பிள் இங்கே விற்கும் பெட்டியில் ஆண்டுக்கணக்கு எதையும் அச்சிடுவதில்லை. ஆனால் 2015இல் ஐஓஎஸ் 9உடன் வந்த ஐபோன் 6எஸ் 2021இன் ஐஓஎஸ் 15 வரை பெற்றது; 2018இன் ஐபோன் எக்ஸ்ஆர் 2024இன் ஐஓஎஸ் 18ஐப் பெற்றது. ஒருவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார், மற்றவர் எழுதாமலே இதுவரை ஒழுங்காகத் தவணை கட்டி வந்திருக்கிறார். எனக்கு இரண்டாமவர்மேல் ஓர் இழை நம்பிக்கை கூடுதல். ஐந்து ஆண்டில் மாற்றிவிடுபவருக்கு இந்த வேறுபாடு பொருட்டில்லை.

இதையொட்டி ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருள் ஏழு ஆண்டு வந்தாலும் கண்ணாடி ஏழு ஆண்டு உடையாமல் இருக்குமா என்பது வேறு கேள்வி. சென்ற ஆண்டு என் பழைய கைப்பேசியின் திரை உடைந்தபோது, மாற்றுத் திரை வரவேண்டும் என்று சொல்லி ஒரு சேவை மையத்தில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே முக்கியமில்லை. வாங்குவதற்கு முன், உங்கள் ஊருக்கு மிக அருகில் உள்ள அதிகாரபூர்வ சேவை மையம் எங்கே இருக்கிறது, திரை மாற்ற எவ்வளவு ஆகும், உதிரிப் பாகம் கையிருப்பில் உண்டா என்று அந்த மையத்துக்கே தொலைபேசியில் கேளுங்கள். கோவையில் இருக்கும் உங்களுக்கு இது சிரமமில்லை. சிற்றூர்களில் இருப்பவர்களுக்கு முடிவையே மாற்றிவிடக்கூடிய விஷயம் இது.

கேள்வி: செப்டம்பர் வரை காத்திருக்கலாமா?
– நாகர்கோவில்

பதில்: ஐபோன் என்றால் காத்திருங்கள். 2023இலும் 2024இலும், புதிய ஐபோன் அறிவிக்கப்பட்ட அன்றே முந்தைய ஆண்டின் மாதிரியை 79,900இலிருந்து 69,900 ரூபாய்க்கு ஆப்பிள் இங்கே இறக்கியது. சாம்சங்கின் புதிய எஸ் வரிசை ஆண்டின் தொடக்கத்தில் வருவது. அதன் கடைவிலை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் சரிந்துகொண்டே இருக்கும் என்பதால் தனியாக நாள் பார்க்க வேண்டியதில்லை.

கேள்வி: மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. ஐபோன் ஆறு மீட்டர் ஆழம் வரை தாங்கும், சாம்சங் ஒன்றரை மீட்டர்தான் என்கிறார்களே?
– தூத்துக்குடி

பதில்: அந்த எண்கள் சரி, இரண்டும் அரை மணி நேரத்துக்கு. ஆனால் அவை ஆய்வகத்தில், அசையாத நல்ல தண்ணீரில் கிடைத்தவை. கடல்நீருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நீர் புகுந்த பழுதை இரண்டு நிறுவனங்களின் சாதாரண வாரண்டியும் ஏற்பதில்லை. இதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கழுத்தில் மாட்டும் நீர்புகாப் பை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கேள்வி: ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோன் 16க்கு மாற முடிவு செய்துவிட்டேன். மறைந்த என் அப்பாவின் குரல் செய்திகள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. அவை வருமா?
– ஆசிரியை, புதுச்சேரி

பதில்: வரும், ஆனால் வரிசை தவறினால் வராது, ஆகவே பொறுமையாகப் படியுங்கள். கூகுள் டிரைவில் வாட்ஸ்அப் எடுத்து வைத்திருக்கும் பிரதியை ஐபோனால் திறக்க முடியாது. அதை நம்பிப் பழைய கைப்பேசியை அழித்துவிடாதீர்கள். ஆப்பிள் தரும் ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலியைப் பழைய கைப்பேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். புதிய ஐபோனை முதன்முதலாக இயக்கும்போது, ஆண்ட்ராய்டிலிருந்து தரவைக் கொண்டுவரவா என்று அது கேட்கும் இடத்தில்தான் இதைத் தொடங்க வேண்டும். கடையிலேயே அவசரமாக அமைத்துக் கொடுத்துவிட்டார்களானால் ஐபோனை முழுதாக அழித்து மறுபடி தொடங்க நேரும். ஆகவே பெட்டியைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு கருவிகளையும் சார்ஜரில் மாட்டி ஒரே வைஃபையில் வையுங்கள், முடியும்வரை இரண்டையும் தொடாதீர்கள். பிறகு ஐபோனில் அதே எண்ணைக் கொண்டு வாட்ஸ்அப்பில் நுழையுங்கள்.

இத்தனைக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று. அப்பாவின் குரல் செய்திகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பிடித்து, பகிர்வு வழியாக உங்கள் மின்னஞ்சலுக்கோ கணினிக்கோ தனிக் கோப்புகளாக அனுப்பி, அங்கே திறந்து கேட்டுப் பாருங்கள். கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு கொடுத்தாலும், பழைய கைப்பேசியை ஒரு மாதமாவது பீரோவில் வைத்திருங்கள்.